முதல் ஷிஃப்ட் லீக்

அக்டோபர் 19, சனி

டாக்டரம்மா என்னை எழுதச் சொன்னது தண்ணீர்க் கணக்கு மட்டும்தான். எத்தனை டம்ளர் குடித்தேன், எடை எவ்வளவு ஏறியது, பிரஷர் என்ன. மூன்று வருஷமாக டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறவனுக்கு எழுத வேறென்ன இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். இருக்கிறது அம்மா. இன்று எங்கள் டிராஃப்ட்.

தண்ணீர்: மூன்று டம்ளர். (பொய். நாலு.)

நீங்கள் படிப்பீர்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரை மணிக்கு, முதல் ஷிஃப்டில், எங்களை மிஷினில் மாட்டுகிறீர்கள். அந்த நேரம் அமெரிக்காவில் முந்தின நாள் ராத்திரி. அவர்களுடைய பாஸ்கெட்பால் லீக் வார்டு டி.வி.யில் நேரலையாக வருகிறது. டி.வி.க்கு எதிரே இருக்கிற நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்திருக்கிறோம். அமெரிக்கக்காரன் அங்கே எடுக்கிற பாயிண்ட் இங்கே எங்கள் கணக்கில் ஏறும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒருத்தன்தான் கணக்கு, மிச்சம் பேர் பெஞ்ச். சீசன் தொடங்கும் முன் சீட்டுக் குலுக்கி, வரிசைப்படி ஆளெடுப்போம். அதுதான் டிராஃப்ட். அவர்கள் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அதனால் நாங்களே பெயர் வைத்துவிட்டோம்.

சீட்டில் எனக்கு முதல் இடம். கண்ணை மூடிக்கொண்டு கொக்கை எடுத்தேன். ஏழடிக்கு மேல் நெட்டை. கூடைக்குக் கீழே கொக்கு நின்றால் எதிராளிக்கு வேலையே இல்லை. அந்த இடத்தில் ஆடுகிறவனுக்குத்தான் சென்டர் என்று பெயர். நானும் மில் டீமுக்கு ஒன்பது வருஷம் சென்டர் ஆடியவன். சென்டர் இல்லாத டீம் ஒரு டீமா? மறுபடி என் முறை வந்தபோது அய்யனார் மிச்சமிருந்தான். மீசையும் தோளும் அப்படி. அவனும் சென்டர். அவனையும் எடுத்தேன்.

பக்கத்துப் படுக்கை ஜெர்வாஸ் சிரித்த சிரிப்பில் அவன் மிஷின் அலாரம் கூவியது. பார்சல் சர்வீஸில் மேனேஜர், தூத்துக்குடிக்காரன். பிழைப்புக்குக் கோயமுத்தூர் வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"அண்ணாச்சி, ஒரு நேரத்துல ஒரு சென்டர்தான ஆட முடியும்? இன்னொருத்தன பெஞ்சில உக்கார வச்சுத் தாலாட்டப் போறீயளா?"

"எம்பட ஆளு. நான் தாலாட்டுவேன், சோறூட்டுவேன். உனக்கென்ன?"

"பந்த எடுத்துட்டு வாறதுக்கு ஒரு பாயிண்ட் கார்டு வேண்டாமா? பந்து வரலேன்னா ஒங்க கொக்கு வெறும் கொடிக்கம்பம்தான்."

அவன் எடுத்தது சுண்டெலி, பட்டாசு. இரண்டு பேருமே பாயிண்ட் கார்டு. ஒருத்தனைக் காட்டிலும் ஒருத்தன் குள்ளம். சென்டர் ஒருத்தன்கூட இல்லை. நான் சிரித்தேன். என் மிஷினும் கூவியது.

டெக்னீஷியன் ஃபரீதா ஓடி வந்து இரண்டையும் அமுக்கினாள். கல்லூரி டீமில் ஆடிய பெண், எங்கள் லீக்கில் அவளுக்கும் ஒரு டீம். சண்டை தீர்க்கிறவளும் அவளே. நாலாவது ஆள் ஹேமாவதி டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எந்த இடத்துக்கு எவன் வேண்டும் என்றெல்லாம் பார்க்கமாட்டார். "மிச்சமிருக்கறதுல நல்ல பையன் யாரு?" என்று கேட்டு எடுப்பார். போன வருஷம் ஜெயித்தது அவர்தான்.

அக்டோபர் 24, வியாழன்

சீசனின் முதல் வாரம். எடை கூடுதல், ஃபரீதா திட்டினாள். கொக்கு பிரமாதம். அய்யனார் பெஞ்சில்.

நவம்பர் 5, செவ்வாய்

ஜெர்வாஸ் டிரேடு கேட்டான். அய்யனாரைக் கொடுத்தால் சுண்டெலியைத் தருவானாம். மூன்று சீசனாக இதே பாட்டு. முதல் வருஷம் பட்ட பாட்டுக்குப் பிறகு நான் டிரேடு பண்ணுவதில்லை. எடுத்த ஆளை வெளியே விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"சார், உங்ககிட்ட இல்லாதது அவர்கிட்ட ரெண்டு இருக்கு. அவர்கிட்ட இல்லாதது உங்ககிட்ட ரெண்டு இருக்கு" என்றாள் ஃபரீதா. "இதுக்கு மேல பொருத்தமா ஒரு டிரேடு அமெரிக்காவுலகூட நடக்காது."

"அவன் முதல்ல குறையச் சொல்லட்டும்" என்றேன்.

இது எங்கள் லீக்கின் சட்டம். முதல் வருஷம் ஒரு டிரேடில் அவன் என்னை ஏமாற்றினான், நான் அவனை ஏமாற்றினேன் என்று பெரிய ரகளையாகி, டீச்சர் போட்ட சட்டம். டிரேடு வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஃபரீதா முன்னால் 'என் டீமில் இது குறை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இருவரும் சரி சொல்ல வேண்டும். அன்றிலிருந்து ஒரு டிரேடும் நடக்கவில்லை.

"ஆம்பளைகளுக்கு அந்த வார்த்தை வராதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார் டீச்சர்.

ஷிஃப்ட் முடிந்ததும் டிரான்ஸ்பிளாண்ட் கோஆர்டினேட்டர் பெண் வந்தாள், கிட்னி மாற்று ஏற்பாட்டைப் பார்க்கிறவள். வீட்டில் கிட்னி கொடுக்க யாராவது உண்டா என்று மறுபடியும் கேட்டாள். எனக்கு ஏ குரூப், துளசிக்கு பி, சேராது என்றேன். உண்மைதானே. வேறு ஏதோ திட்டம் இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 16, சனி

துளசிமணியைப் பற்றி எழுதவில்லையே. என் வீட்டுக்காரி. கிரைண்டர் ஏஜென்சிக் கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். டயாலிசிஸ் நாளில் கடையை மத்தியானம் திறப்பாள். காலை முழுக்க வெளியே ஹாலில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போ என்றால் கேட்பதில்லை. இப்போது அவளுக்கு ஒரு கூட்டு கிடைத்திருக்கிறது: ஜெர்வாஸின் மனைவி பிலோமி. இரண்டு பேரும் டிபன் பாக்ஸை மாற்றி மாற்றித் தின்கிறார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் துளசி கேட்டாள். "ஏனுங்க, சென்டர்னா என்னங்க?"

"உனக்கெதுக்கு அது?"

"சும்மாதானுங்க. உள்ள நீங்க போடற சத்தம் ஹாலு வரைக்கும் கேக்குது. ரெண்டு பேரும் அதையவே பேசறீங்க, பேசிப்போட்டு ஒண்ணும் பண்ண மாட்டீங்கறீங்க."

விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். டிரேடு சட்டத்தையும் கேட்டாள். பெண்களுக்கும் ஆட்டத்தில் ஆர்வம் வருவது நல்லதுதான்.

டிசம்பர் 3, செவ்வாய்

கொக்குக்குக் கணுக்காலில் அடி, இரண்டு வாரம் ஆடமாட்டான். அய்யனார் இறங்கினான். பார்த்தாயா, இதற்குத்தான் இரண்டு சென்டர் வேண்டும் என்றேன். ஜெர்வாஸ் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு இன்று நடுவில் பிரஷர் இறங்கி, காலைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். முகம் வெள்ளைத் தாளாக இருந்தது. கண்ணைத் திறந்ததும், "ஸ்கோர் எவ்வளவு அண்ணாச்சி?" என்றான். அவன் டீம் தோற்றுக்கொண்டிருந்தது. ஜெயிக்கிறாய் என்றேன்.

தண்ணீர்: இரண்டரை டம்ளர். (உண்மை. குடிக்கத் தோன்றவில்லை.)

டிசம்பர் 14, சனி

ஒரு விஷயம் விளங்கவில்லை. ஜெர்வாஸுக்கு பி குரூப், தலைமாட்டு அட்டையில் இருக்கிறது. அரசாங்க லிஸ்டில் பெயர் பதிந்து இறந்தவர் கிட்னிக்காகக் காத்திருக்கிறான். பிலோமி கொடுக்கக் கூடாதா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "அவளுக்கு சுகர் அண்ணாச்சி, டாக்டர் ஒத்துக்க மாட்டாங்க" என்றான்.

இன்று கேன்டீனில் பார்த்தேன். சுகர்க்காரி முழுசாக ஒரு பொட்டலம் மஸ்கோத் அல்வாவைத் தின்றுகொண்டிருக்கிறாள், பக்கத்தில் துளசி. "ஊர்லேர்ந்து வந்துச்சு, சாப்பிடுங்க அண்ணே" என்று எனக்கு வேறு நீட்டினாள். வருஷா வருஷம் சர்ச் முகாமில் ரத்தம் கொடுக்கிறவளாம். தன் குரூப் ஏ என்று எதற்கோ சொன்னாள். துளசி என்னைப் பார்த்தாள். நான் அல்வாவைப் பார்த்தேன். பாழாய்ப்போன டயட், தின்னவும் முடியாது.

ஜெர்வாஸ் பொய் சொல்கிறான். ஏன் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதை அவனிடம் சொல்லமாட்டேன். சொன்னால் அவன் திருப்பி என்னைக் கேட்பான்.

டிசம்பர் 26, வியாழன்

பிலோமி கொடுத்தனுப்பிய கேக்கில் ஒரு விரல் அளவு. கொக்கு திரும்பி வந்துவிட்டான். அய்யனார் பெஞ்சில்.

ஜனவரி 9, வியாழன்

காலையில் பல் விளக்கும்போது வழக்கம்போல இடது கையைக் காதில் வைத்தேன். எங்கள் கையில் ஓர் இடத்தில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். டயாலிசிஸ் ஊசி போட வசதியாக. அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். உயிரோடு இருந்தால் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இன்று சத்தம் இல்லை.

அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸ் செய்தார்கள். வலது கையில் புதிதாகத் தைக்கலாம், ஆனால் குழாய்கள் மெலிசு, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றீர்கள் டாக்டரம்மா. துளசி நின்றுகொண்டே கேட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் கொக்கைப் பற்றி ஏதோ சொன்னேன். "சித்த சும்மா இருங்க" என்றாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல், எங்கள் பக்கத்தில் பட்டிப் பொங்கல். கழுத்தில் குழாயோடு எங்கே போவது? துளசி மட்டும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். என்ன விசேஷம் என்றேன். அண்ணனிடம் ஒன்று பேச வேண்டியிருந்தது, பேசிவிட்டேன் என்றாள். என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

நான் மிஷினில் கிடந்த நாலு மணி நேரமும் துளசி ஹாலில் இல்லையாம். பிலோமியும் இல்லையாம். ஃபரீதாவைக் கேட்டால், "ஷாப்பிங் போயிருப்பாங்க சார்" என்று ஸ்கோர் போர்டைப் பார்க்கிறாள். திரும்பி வந்தபோது துளசியின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கொசு கடித்துச் சொறிந்துவிட்டேன் என்கிறாள். மூன்று வருஷம் ஊசி குத்திக்கொண்டவனிடம் வந்து சொல்கிறாள் கொசுவை.

டாக்டரம்மா, இனி வருகிற பக்கங்களை நீங்கள் படிக்க வேண்டாம். தண்ணீர்க் கணக்கைத் தனித்தாளில் தருகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நவம்பரில் அந்த கோஆர்டினேட்டர் பெண் நீட்டிய தாளை நான் படிக்கவில்லை என்பதுபோல எழுதியிருக்கிறேன். படித்தேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. குரூப் சேராத இரண்டு குடும்பங்கள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது என்று அதில் இருந்தது. மடித்து பஸ்ஸில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அவளை அறுத்து எடுப்பார்கள். அதற்கு நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எந்த மூஞ்சியோடு உயிரோடு இருப்பேன்?

பிப்ரவரி 6, வியாழன்

 நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

இன்று டிரேடுக்குக் கடைசி நாள். அமெரிக்காவிலும் இன்றுதான், எங்களுக்கும் இன்றுதான். ஷிஃப்ட் முடிவதற்குள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த சீசன். ஜெர்வாஸ் காலையிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணாச்சி, சுண்டெலியும் தாறேன், மேல ஒருத்தனையும் தாறேன். அய்யனார் அங்க சும்மாதான இருக்கான்?"

"சும்மா இருந்தாலும் என்னோட இருக்கட்டும்."

"இது பிடிவாதம்" என்றார் டீச்சர் போர்வைக்குள்ளிருந்து. "நல்ல பையன பெஞ்சில வெச்சு வீணாக்கறீங்க."

அப்போது கதவைத் திறந்துகொண்டு துளசியும் பிலோமியும் வந்தார்கள். பச்சை கவுன், வார்டு செருப்பு, வாயில் மாஸ்க். உள்ளே யாரையும் விடமாட்டார்கள். ஃபரீதா தடுக்கவில்லை. டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். இரண்டு பேரும் என் படுக்கைக்கும் ஜெர்வாஸ் படுக்கைக்கும் நடுவே வந்து நின்றார்கள்.

"ஏனுங்க" என்றாள் துளசி. "உங்க லீக்குல ஒரு சட்டம் இருக்குதல்லங்க? குறைய வாய்விட்டுச் சொல்லோணும்னு?"

"இருக்குது. அதுக்கென்ன இப்போ?"

"நான் சொல்றனுங்க. எம்பட கிட்னி எம்பட ஊட்டுக்காரருக்குச் சேராது. அதான் எங்குறை."

பிலோமி தொண்டையைச் செருமினாள். "என்னது இவியளுக்குச் சேராது. எனக்கு சுகரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது." ஜெர்வாஸ் போர்வையை முகத்துக்கு இழுத்தான். அவள் அதைக் கீழே இழுத்தாள்.

"அவங்களது உங்களுக்குச் சேருது, எம்படது அவருக்குச் சேருது" என்றாள் துளசி. "ரத்தம் கலந்து பாக்கற டெஸ்டு வரைக்கும் பாத்தாச்சுங்க. எங்கண்ணங்கிட்டயும் சொல்லியாச்சு. டாக்டரம்மா சரின்னுட்டாங்க. உங்க ரெண்டு பேருத்து வாயிலருந்துதான் வரோணும். சொல்லுங்க, இது டிரேடா, இல்லியா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்னைக் கேட்காமல் எப்படி டெஸ்ட் எடுத்தாய், யார் உன்னைக் கேட்டது, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கத்தினேன். எழுந்து போயிருப்பேன். கழுத்துக் குழாய் மிஷினில் இருக்கிறது. ஜெர்வாஸுக்குக் கையில் இரண்டு ஊசி. ஓட முடியாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள், கள்ளிகள்.

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?" என்று கேட்டுவிட்டேன். டீச்சர் முன்னால், ஃபரீதா முன்னால், எல்லாரும் கேட்க.

துளசி மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"அதையவேதானுங்க நான் மூணு வருசமா வெளிய சேர்ல உக்காந்து நெனைச்சுட்டிருக்கறேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு. உங்களுக்கு மட்டுந்தான் அந்தப் பயமா?"

டி.வி.யில் யாரோ கூடை போட்டான். ஒருத்தரும் பார்க்கவில்லை. ஜெர்வாஸ் அழுதுகொண்டிருந்தான். நானும்தான்.

"சென்னியப்பன்" என்று என்னைக் கூப்பிட்டார் டீச்சர். "ஷிஃப்ட் முடியப்போகுது."

"எனக்குக் குறை இருக்குது" என்றேன்.  "சரி" என்றேன்.

"எனக்கும் குறை இருக்கு. சரி" என்றான் ஜெர்வாஸ்.

ஃபரீதா மணியைப் பார்த்து, "டிரேடு நடந்தது" என்றாள்.  அந்தச் சூட்டோடு நானே சொன்னேன்: "அய்யனாரையும் வாங்கிக்கடா. சுண்டெலியக் குடு."

பிப்ரவரி 7, வெள்ளி

வீட்டில் துளசி தோசை சுட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னத்தையுங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

கிட்னி மாற்ற அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கமிட்டி. நாலு பேரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு, கேமரா வைத்துக் கேள்வி கேட்டார்கள். பணம் வாங்கினாயா, யாராவது மிரட்டினார்களா, கணவன் கட்டாயப்படுத்தினாரா?

"அவர நாந்தானுங்க கட்டாயப்படுத்துனேன்" என்று துளசி சொன்னாளாம். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டாராம்.

என்னிடம், அந்தக் குடும்பத்தோடு எப்படிப் பழக்கம் என்றார்கள். பாஸ்கெட்பால் என்றேன். எங்கே ஆடினீர்கள் என்றார்கள். படுத்துக்கொண்டு என்றேன். கமிட்டியில் ஒருத்தர் மட்டும் சிரித்தார்.

ஏப்ரல் 10-ஆம் தேதி குறித்தாயிற்று. ஒரே நேரத்தில் நாலு ஆபரேஷன் தியேட்டர். ஒருவர் வாங்கிக்கொண்டு மற்றவர் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்களாம். நியாயம்தான்.

சுண்டெலி வந்த பிறகு என் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. கொக்கும் அவனுமாகப் பாயிண்டைப் போட்டுத் தள்ளுகிறார்கள். இதை ஜெர்வாஸிடம் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

காலை பத்து மணிக்கு ஃபரீதா போன் செய்தாள். லிஸ்டில் ஜெர்வாஸ் பெயர் வந்துவிட்டதாம். திருச்சியில் மூளைச்சாவு ஆன ஒருவர், பி குரூப். உடனே வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் கடையில் இருந்தேன். துளசி ஒரு கிரைண்டருக்குக் கல் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு அது கிடைத்தால் பிலோமி மேல் கத்தி படவேண்டியதில்லை. அவன் பயந்தது அதற்குத்தானே? இரண்டு வருஷமாகப் பொய் சொன்னதும் அதற்குத்தானே? நானாக இருந்தால் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். அவன் போய்விட்டால் எனக்கு ஒன்றுமில்லை. கழுத்துக் குழாயும் மெலிந்த வலது கையும்தான்.

போன் போட்டேன். "போயிருடா. என்னைப் பத்தி நெனைக்காத. போ" என்றேன். குரல் தெளிவாக இருந்ததாகத்தான் நினைக்கிறேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான். "முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. வரலேன்னு சொல்லியாச்சு. லிஸ்டில அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க."

"கிறுக்கனாடா நீ?"

"நான் எங்க சொன்னேன்? பொய் சொல்ல மாட்டேன், வாறேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இவ போனப் புடுங்கிட்டா. துளசி அக்காகிட்ட வாக்குக் குடுத்தாச்சு, அந்தக் கிட்னி லிஸ்டில இருக்குற இன்னொரு வீட்டுக்குப் போகட்டும்னுட்டா."

"நீ புடுங்கித் திருப்பிப் பேசியிருக்கலாமல்லோ?"

"பேசியிருக்கலாம்" என்றான்.  "மூணு சீசனா ஒங்ககிட்ட டிரேடு கேட்டுக்கிட்டே கெடக்கேன் அண்ணாச்சி. இப்பத்தான் ஒரு தடவ சரின்னு சொன்னீய. அத விட்டுருவேனா?"

நான் போனை துளசியிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

நாளைக்கு. நாலு பேரையும் அட்மிட் செய்துவிட்டார்கள். ஹேமாவதி டீச்சர் சக்கர நாற்காலியில் வந்து எல்லோர் நெற்றியிலும் திருநீறு வைத்தார். பிலோமியும் ஜெர்வாஸும் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். இந்த சீசனும் டீச்சர்தான் முன்னணியில்.

துளசி என் அறைக்கு வந்தாள். சொல்ல ஆயிரம் இருந்தது. "கடைச் சாவிய யாருகிட்டக் குடுத்திருக்கற?" என்று கேட்டேன். அண்ணனிடம் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊசி போட ஆள் வந்துவிட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

கண் விழித்ததும் கேட்டது துளசி எப்படி என்று. நன்றாக இருக்கிறாள் என்றார்கள். நம்பவில்லை. மறுபடி கேட்டேன். நாலாவது தடவை நர்ஸ் போனில் அவளைப் பிடித்துக் கொடுத்தாள்.

"இருக்கறனுங்க. கத்தாதீங்க. தையல் வலிக்குது, சிரிக்க வெக்காதீங்க" என்றாள். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

தண்ணீர்: மூன்று லிட்டர். குடி குடி என்கிறார்கள். மூன்று வருஷம் டம்ளரை ஒளித்து வைத்தவர்கள், இப்போது குடிக்கவில்லை என்று திட்டுகிறார்கள். டாக்டரம்மா, இனி நீங்கள் எல்லாப் பக்கத்தையும் படிக்கலாம்.

இன்று சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். நானே நடந்துபோய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு, பொறுமையாக, ஒரு ராஜாவைப் போல. வெளியே வந்து நர்ஸிடம் சொன்னேன். அவள் கைதட்டினாள்.

பக்கத்து அறை ஜெர்வாஸ் சுவரைத் தட்டினான். இருவரும் தனித்தனி அறை, பார்க்க முடியாது. போன் போட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா கிட்னி விடியக்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் என்னய எழுப்பி வுடுது."

"அவ அப்படித்தான். கடைக்கு நேரமாச்சுன்னு நெனைச்சிருக்கும்."

"சரி, அத வுடுங்க. இந்த டிரேடுல யாருக்கு லாபம்? நான்தான் ஒங்கள ஏமாத்திட்டேன். ஃபரீதாகிட்ட வேணும்னா கேளுங்க. ஒங்க வீட்டம்மாளோடது சொன்ன சொல்லுக்கு வேல செய்யுது."

முதல் வருஷம் அந்த ஒரு டிரேடுக்கே யார் யாரை ஏமாற்றினார்கள் என்று ஒரு மாசம் அடித்துக்கொண்டோம். நானும் எதிர்த்துப் பேச வாயெடுத்தேன். அப்போது கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துளசி வந்து நின்றாள். நேற்றே அவளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று, இன்று வராதே என்றும் சொல்லியிருந்தேன். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, குடித்தீங்களா என்று சைகையில் கேட்டாள்.

பாட்டிலை எடுத்துக் குடித்துக் காட்டினேன். முழுசாகக் குடி என்றாள். குடித்தேன்.

"என்ன அண்ணாச்சி, பேச்சக் காணோம்? தோத்துட்டேன்னு ஒத்துக்கிடுதீயளா?" என்றான் ஜெர்வாஸ்.

"ஆமாடா, நீதான் ஏமாத்துன" என்றேன்.

அவனிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். ஏமாற்றியது நான்தான். கொடுத்த ஆள் இன்னும் என்னிடமே இருக்கிறாள்.